அசுரர்கள் குடியிருக்கும் அலமாரி

'வில்லன்' என்னும் சொல் தமிழில் நிலைபெற்ற கதை விநோதமானது. கொடியவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை நாடகமேடை வழியாகவும் திரைப்படம் வழியாகவும் நாம் பெற்றுக்கொண்டோம். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே தமிழில் வில்லன் என்றொரு சொல் இருந்தது. வில்லை உடையவன், வில்லாளி என்பதே அதன் பொருள். அந்தப் பொருளைக் கொண்டால் இராமன்தான் வில்லன், அருச்சுனனும் வில்லன். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்த பின் யாரேனும் ஒருவர் கேட்பதுண்டு: அப்படியானால் இராவணனுக்கு நம்மிடம் என்ன பெயர்? ஒற்றைச் சொல் இல்லை என்பதே விடை. அரக்கன் என்பது குலத்தின் பெயர், பகைவன் என்பது உறவின் பெயர். கதை முழுவதற்கும் எதிர்நின்று, கதையைத் தன் தோளில் சுமந்து செல்கிற அந்த ஆளுமைக்குத் தனிப்பெயர் வைக்காத மொழி, அவனுக்கு முகம் மட்டும் விதவிதமாகச் செய்து வைத்திருக்கிறது.

அந்த முகங்களைத்தான் நாங்கள் சேகரிக்கிறோம். 'நாங்கள்' என்பது ஒரு தமிழ் விரிவுரையாளனும் அவன் மனைவியும். சுங்குவார்சத்திரத்தில் நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய ஒரு வீட்டின் கூடத்தில் ஐந்து தட்டுகள் கொண்ட கண்ணாடி அலமாரி ஒன்று இருக்கிறது. அதில் தெய்வங்கள் இல்லை, நாயகர்களும் இல்லை. மேல்தட்டில் களிமண்ணாலும் காகிதக் கூழாலும் ஆன இராவணன், மகிடன், கம்சன், சகுனி. நடுத்தட்டில் படுத்தபடி கும்பகர்ணன். அவர்களுக்குக் கீழே நெகிழியில் வார்த்த அயல்நாட்டுத் திரைப்படக் கொடியவர்கள்: கருங்கவசமணிந்த டார்த் வேடர், முள்முடி தரித்த சௌரான், வெள்ளைக் கைத்தடம் பதிந்த முகத்தோடு ஓர் உருக்-ஹாய். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அலமாரியைப் பார்ப்பார்கள், பிறகு எங்களைப் பார்ப்பார்கள். "சாமி பொம்மை ஒண்ணுகூட இல்லையேம்மா" என்று அத்தை ஒருமுறை கேட்டார். "சாமி பூசையறையில இருக்காங்க அத்தை, இவங்களுக்குத்தான் வேற இடம் இல்ல" என்றாள் மருமகள்.

*

சேகரிப்பு கொலுவிலிருந்து தொடங்கியது. காஞ்சிபுரம் எங்களுக்குப் பேருந்துத் தொலைவு. அங்கே பொம்மைக்காரத் தெருவில் புரட்டாசி நெருங்கும்போது திண்ணைகளெல்லாம் நிறைந்துவிடும். கொலுப் பொம்மை வாங்கியவர்களுக்குத் தெரியும், அசுரன் தனியாக விற்பனைக்கு வருவதில்லை. இரணியன் வேண்டுமென்றால் நரசிம்மத்தின் மடியோடு சேர்த்தே வாங்கவேண்டும். மகிடன் வேண்டுமென்றால் தேவியின் காலடியோடு. விதிவிலக்காக ஒருவன் உண்டு, அவன் கும்பகர்ணன். கும்பகர்ணனை எழுப்பும் 'செட்'டில் அவனே நடுநாயகம். கொம்பூதுகிறவனும் மேளமடிக்கிறவனும் அவனைச் சுற்றிய சிறு உருவங்கள் மட்டுமே. கொல்லப்படும் கணத்தில் அன்றி, வாழும் கணத்தில், அதுவும் உறங்கும் கணத்தில், வடிக்கப்பட்ட ஒரே அரக்கன் அவன்தான் என்று எங்களுக்குத் தோன்றியது. முதலில் வாங்கியது அவனைத்தான்.

அந்தக் கும்பகர்ணனுக்கு முகம் எழுதிய பெரியவர் அப்போதே எழுபதைத் தொட்டிருந்தார். அரைத்துப் பதப்படுத்திய மண்ணை அச்சின் இரு பாதிகளில் அழுத்தி, இணைத்து, உலர்த்தி, வெள்ளை பூசி, வண்ணம் தீட்டுவது அவர்கள் தொழில். வீட்டிலுள்ள அனைவரும் ஆளுக்கொரு கட்டத்தைச் செய்வார்கள். முகத்தையும் கண்ணையும் மட்டும் அவர் எழுதுவார். கண் கடைசியில்தான் எழுதப்படும். 'எழுதுவது' என்றே அவர்கள் சொல்கிறார்கள். தமிழில் ஓவியத்திற்கும் எழுத்திற்கும் பொதுவாயிருந்த அந்தப் பழைய வினைச்சொல் பாடநூலுக்கு வெளியே உயிரோடிருப்பதை நாங்கள் கண்டது அந்தத் திண்ணையில்தான்.

ஏன் அரக்கர்களை மட்டும் கேட்டு வாங்குகிறோம் என்று அவர் ஒருபோதும் கேட்டதில்லை. மாறாக, ஒருநாள் அவராகவே சொன்னார்: "சாமி முகம் எழுதறப்போ கை கட்டுப்பட்டு இருக்கும் சார். புருவம் இவ்ளோதான், உதடு இவ்ளோதான்னு எங்க அப்பா காலத்துலயே முடிவாயிடுச்சு. அசுரனுக்குத்தான் நான் நெனச்சத எழுதலாம்." சேகரிப்பாளர் எவரும் எங்களுக்குத் தராத விளக்கம் அது. பெருமாளின் முகம் மரபின் முகம். கம்சனின் முகம் எழுதியவனின் முகம். நாங்கள் சேகரித்துவந்தது அரக்கர்களை அல்ல, பெயர் தெரியாத கலைஞர்களின் கையெழுத்தை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குப் புலப்பட்டது.

*

கீழ்த்தட்டுக்காரர்களின் வரலாறு வேறு. 1964இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ.ஜோ என்னும் பன்னிரண்டு அங்குலப் போர்வீரனைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அதைப் பொம்மை என்று சொன்னால் பையன்கள் வாங்கமாட்டார்கள் என்று அஞ்சி 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டது. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' வெளிவந்தபோது கென்னர் நிறுவனத்தால் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைத் தயாரிக்க முடியவில்லை. ஆகவே அட்டையில் சான்றிதழை வைத்து ஒரு வெற்று உறையை விற்றது. வாங்கியவர்களுக்கு 1978இல் நான்கு பொம்மைகள் அஞ்சலில் வந்து சேர்ந்தன. அந்த நால்வரில் டார்த் வேடர் இல்லை. அவ்வாண்டில் அடுத்து வந்த மூன்றே முக்கால் அங்குல வரிசையில்தான் அவன் இடம்பெற்றான். பின்னர் வரிசையையே ஆண்டான்.

நம் பக்கத்திலும் இந்தக் கதைக்கு ஓர் அத்தியாயம் உண்டு. சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனம் ஹாஸ்ப்ரோவுடன் சேர்ந்து 1987இல் ஃபன்ஸ்கூலைத் தொடங்கியது. அமெரிக்க அச்சுகளைக் கொண்டு ஜி.ஐ.ஜோ வீரர்களும் அவர்களுடைய எதிரிகளும் இந்தியாவில் வார்க்கப்பட்டனர். இங்கே பூசிய வண்ணங்கள் மூலத்திலிருந்து விலகியிருந்தன. கறுத்தவன் சிவந்தான், சிவந்தவன் மஞ்சளானான். அந்த விலகலுக்காகவே இன்று மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்திய வார்ப்புகளைத் தேடி அலைகிறார்கள். பெரியவர் சொன்ன உண்மைதான் இங்கும்: மூலத்தினின்று வழுவிய கை எங்கே தெரிகிறதோ, அங்கே மதிப்பு கூடுகிறது.

2001 முதல் 2003 வரை பீட்டர் ஜாக்சனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்கள் வந்தபோது நுணுக்கம் வேறொரு படிநிலைக்குச் சென்றது. டோல்கீனின் நாவலில் சௌரான் பெரும்பாலும் ஒரு கண்ணாக, ஓர் அச்சமாக, தொலைவிலிருக்கும் ஒரு விழைவாக மட்டுமே இருக்கிறான். திரைப்படம் அவனுக்குக் கவசம் கொடுத்தது. பொம்மை அந்தக் கவசத்தின் ஒவ்வொரு கீறலையும் கையில் தொடும்படி செய்தது. 2000இல் ஹாங்காங்கில் தொடங்கிய ஹாட் டாய்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆறில் ஒரு பங்கு அளவில், ஏறத்தாழ ஓரடி உயரத்தில், மயிர்க்கால்களும் தோல்சுருக்கமும் தெரியும் முகங்களைச் செய்கின்றன. துணியாடை, மாற்றிப் பொருத்தும் கைகள், முப்பதுக்கும் மேற்பட்ட மூட்டுகள். இந்திய அரசு பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தியது. 2021 ஜனவரி முதல் தரமுத்திரையும் கட்டாயமாயிற்று. எங்கள் கீழ்த்தட்டு அதன்பின் அதிகம் வளரவில்லை.

அமெரிக்கச் சுங்கத்துறையிலும் ஒரு வழக்கு நடந்தது. அந்நாட்டின் அன்றைய விதிப்படி மனித உருவம் என்றால் 'டால்', வரி 12 விழுக்காடு. மனிதரல்லாத உயிர்களின் உருவம் என்றால் 'டாய்', வரி 6.8 விழுக்காடு. எக்ஸ்-மென் உருவங்களை இறக்குமதி செய்த டாய் பிஸ் நிறுவனம், இவர்கள் மனிதர் அல்லர் என்று வாதாடியது. 2003இல் பன்னாட்டு வணிக நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. விகாரமுற்றோரும் மனிதரே என்று உலகத்திடம் மன்றாடுவதுதான் அந்தக் கதையின் உயிர்நாடி. அதைச் சொல்லிப் பணம் ஈட்டிய நிறுவனமே, வரி மிச்சத்திற்காக அதை மறுத்துத் தீர்ப்பு வாங்கியது. நகமும் கொம்பும் முளைத்தவன் மனிதனா இல்லையா என்ற கேள்வி புராணத்தோடு முடிந்துவிடவில்லை.

*

தமிழ்த் திரை இந்த வகையில் நமக்கு ஒன்றும் குறைவைக்கவில்லை. 'பாதாள பைரவி'யின் (1951) நேபாள மாந்திரிகனாக எஸ்.வி.ரங்காராவின் தாடியும் கோலும், 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) படத்தில் பி.எஸ்.வீரப்பாவின் கொள்ளைத் தலைவன், 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) படத்தில் எம்.என்.நம்பியாரின் கடற்கொள்ளையன் ஆகியவை எந்த அலமாரிக்கும் பெருமை சேர்க்கக்கூடிய உருவங்கள். நுணுக்கமாகச் செய்யப்பட்ட நம்பியார் பொம்மை ஒன்றை இத்தனை ஆண்டுகளில் நாங்கள் கண்டதில்லை. நாயகர்களுக்குக் கட்-அவுட் வைத்த நாட்டில், கைகளைப் பிசைந்தபடி ஓரக்கண்ணால் பார்க்கும் அந்த மனிதரை ஓரடி உயரத்தில் யாரும் வடிக்க முனையவில்லை.

திரைக்கு வெளியே நிலைமை வேறு. தமிழ்நிலம் தன் கொடியவர்களை மிகுந்த அக்கறையோடு வடித்த நிலம். மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி மண்டபத்தில் பல்லவச் சிற்பி வடித்த மகிடனைப் பாருங்கள். எருமைத்தலை, மனித உடல், இரு கைகளிலும் பற்றிய தண்டு. தேவியை ஒத்த பேருருவம் அவனுக்கு. பின்வாங்குகிறான், ஆனால் குறுகவில்லை. அரசன் தோற்கிறான் என்பதுதான் அந்தச் சிற்பத்தின் கூற்று. கம்பர் செய்ததும் இதையே. வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை யுத்த காண்டத்திற்குள் அமைத்து, ஓர் அசுரனுக்கு முழுப் படலத்தையே அளித்தார். புலவர் குழந்தை 1946இல் இராவணனையே காப்பியத் தலைவனாக்கி 'இராவண காவியம்' இயற்றினார். 1948இல் அரசு அதைத் தடைசெய்தது. 1971இல்தான் தடை நீங்கியது. ஒரு வில்லனின் முகத்தை மாற்றி எழுதுவது எத்தனை பெரிய செயல் என்பதற்கு அந்த 23 ஆண்டுகளே சான்று.

மாற்றிப் பொருத்தும் தலைகளோடு அயல்நாட்டுப் பொம்மை வந்தபோது நாங்கள் வியக்கவில்லை. கந்தசஷ்டியில் திருச்செந்தூர்க் கடற்கரையிலும் முருகன் கோயில்கள் பலவற்றின் வீதிகளிலும் நடக்கும் சூரசம்ஹாரத்தில், ஒரே சூர உடலுக்கு யானைத்தலை, சிங்கத்தலை, பின்பு சூரபன்மனின் சொந்தத்தலை என்று மாறிமாறிப் பொருத்துவதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறோம். அந்தக் கதையைக் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணமாக இயற்றியது நம் காஞ்சிக் குமரகோட்டத்தில். அதன் முடிவை நினைவுகூர்வோம்: சூரன் அழிக்கப்படுவதில்லை, மயிலாகவும் சேவலாகவும் ஏற்றுக்கொள்ளப்படுகிறான். பகைவனைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் முதல் சேகரிப்பாளன் முருகன் என்று சொன்னால் பக்தர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்றே நம்புகிறோம்.

*

ஆனால் இந்த வட்டாரத்தின் மாபெரும் வில்லன் உருவத்தை எவராலும் அலமாரியில் வைக்க முடியாது. பங்குனி தொடங்கி ஆடிவரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடக்கும். பகலில் வில்லிபாரதச் சொற்பொழிவு, இரவில் கட்டைக்கூத்து. இறுதி நாளில் கோயிலருகே திடலில் மண்ணைக் குவித்துத் துரியோதனனை மல்லாந்த நிலையில் வடிப்பார்கள். இருபதடி, முப்பதடி, சில ஊர்களில் அதனினும் நீளம். முறுக்கிய மீசை, விழித்த கண், கிரீடம், மார்பணி, கையில் ஆயுதம் என எதுவும் விடுபடாது. தொடையில் செந்நீர் நிரம்பிய கலயம் ஒன்றைப் புதைத்திருப்பார்கள். இரவெல்லாம் நடந்த 'பதினெட்டாம் போர்' கூத்து விடிந்தபின் அந்த மண்ணுடலின்மேல் வந்து முடியும். செவ்வொப்பனையிட்ட கூத்துத் துரியோதனனும் மண் துரியோதனனும் ஒருவரேயாகும் காலை அது. பீமன் தொடையைப் பிளக்க, திரௌபதி கூந்தல் முடிப்பாள்.

வாலாசாபாத் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாங்கள் அதைக் கண்டபோது எங்களைத் தொட்டது அடுத்து நடந்ததுதான். கூட்டம் கலைவதற்குள் மக்கள் அந்த உடலின் மண்ணைக் கைநிறைய அள்ளி முந்தானையிலும் துண்டிலும் முடிந்துகொண்டார்கள். வயலுக்கு, குதிருக்கு, வீட்டுக்கு என்றார்கள். நலம் தரும் என்ற நம்பிக்கை. சற்றுமுன்வரை எவன் சாவைக் காண விழித்திருந்தார்களோ, அவனையே பங்கிட்டுக் கொண்டுபோனார்கள். சேகரிப்பு என்பதற்கு நாங்கள் அறிந்த மிகப் பழைய வடிவம் அதுவாகவே இருக்கவேண்டும். அருகிலிருந்த மூதாட்டி ஒருவர் எங்கள் கையிலும் ஒரு பிடி வைத்தார். அது சிறு சம்புடத்தில் மேல்தட்டில் இருக்கிறது. முகமே இல்லாத ஒரே வில்லன்.

*

எங்கள் பழைய மாணவி ஒருத்தி இங்கே கைப்பேசிப் பாகங்கள் செய்யும் ஆலையில் வேலை பார்க்கிறாள். இளங்கலைத் தமிழ் படித்தவள். தென்மாவட்டத்திலிருந்து வந்து, விடுதியில் எண்மரோடு தங்கி, ஷிப்ட் பேருந்தில் போய்வருகிறவள். உருப்பெருக்கியின் கீழ் சிறு பாகங்களைப் பார்த்துப் பழுதுள்ளதை ஒதுக்குவது அவள் பணி. ஒரு நவராத்திரியின்போது வீட்டுக்கு வந்தாள். சௌரானைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எத்தன பேர் கை மாறி வந்திருக்கும் ஐயா? தோள்ல வண்ணம் போட்டவங்க வேற, முடில போட்டவங்க வேற. முழுப் பொம்மைய அவங்க பார்த்திருக்கவே மாட்டாங்க" என்றாள். பிறகு கும்பகர்ணன் பக்கம் திரும்பினாள். இடது இமையோரம் கறுப்பு ஒரு நூலளவு கன்னத்தில் இறங்கியிருந்தது. "எங்க லைன்ல இவர ரிஜெக்ட் பண்ணிருவோம்" என்று சிரித்தாள். ஆனால் அவள் கையில் வெகுநேரம் இருந்தவன் அவன்தான்.

அடுத்த ஆண்டு பெரியவரிடமிருந்து அழைப்பு வந்தது. கும்பகர்ணனின் பழைய அச்சு உடைந்துவிட்டது. அந்த அளவில் வேறு அச்சு தெருவில் இல்லை. அவருடைய மகன் தொழிலைவிட்டு ஆலை வேலைக்குப் போய்விட்டார், பேரன் மட்டும் கற்றுக்கொள்ள முன்வந்திருக்கிறான். எங்களிடமுள்ள உருவத்தைத் தந்தால் புதிய அச்சு எடுத்துக்கொள்ளலாம். "ஆனா வண்ணம் போயிடும் சார். அத மட்டும் யோசிச்சுக்குங்க" என்றார்.

யோசித்தோம். சேகரிப்பாளர் உலகத்தின் முதல் கட்டளை, தொடாதே என்பது. உறை பிரிக்காத பெட்டிக்கே உயர்ந்த விலை. எங்களிடம் இருந்தது அவர் கண் தெளிவாக இருந்த காலத்தில் எழுதிய முகம். அரைக்கண் மூடிய அந்த உறக்கத்தை இனி எவரும் எழுதப்போவதில்லை. அந்த முகத்தைக் காத்தால் உருவம் அழியும். உருவத்தைக் காத்தால் முகம் அழியும். மனைவிதான் முடிவைச் சொன்னாள்: "படுகளத்து மண்ண எல்லாரும் அள்ளிட்டுப் போனாங்களே, யாரும் அது முகம் கலையுதேன்னு நிறுத்தலையே." முதலில் ஐந்தாறு நிழற்படங்கள் எடுத்துக்கொண்டோம். பிறகு பழைய வேட்டியில் சுற்றி, மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோனோம். இறங்கும் நெரிசலில் இடக்கைச் சுண்டுவிரல் முனை உதிர்ந்தது.

சோப்புநீர் தடவி, சாந்து ஊற்றி, இரு பாதியாக அச்சு எடுத்து முடித்தபோது கும்பகர்ணன் வெளிறிப்போய்க் கிடந்தான். பெரியவர் மீண்டும் வண்ணமிட்டார். உடலைப் பேரன் தீட்டினான். முகத்தைத் தானே எழுதுவேன் என்றார். கை நடுங்கியது. மீசை இருபுறமும் ஒத்துவரவில்லை. கண்கள் பழையதைவிடப் பெரியவை, ஏறக்குறைய விழித்தேவிட்டவை. உடைந்த விரலை மண்வைத்துச் சரிசெய்யட்டுமா என்று பேரன் கேட்டான். "இருக்கட்டும்டா, ராமன்கூடச் சண்டை போடப் போறவன்தானே" என்றார்.

அவர் எழுதிய கடைசி முகங்களுள் அது ஒன்று. அடுத்த புரட்டாசியில் திண்ணையில் பேரன் மட்டும் இருந்தான். புதிய அச்சிலிருந்து வார்த்த கும்பகர்ணன்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். முகங்கள் பேரனுடையவை, இன்னும் பழகாத கை, ஆனால் தாத்தாவின் கை அல்ல. எல்லோருக்கும் இடக்கைச் சுண்டுவிரல் சற்றுக் குட்டை. காஞ்சிபுரத்தில் கொலுப் பொம்மை வாங்கப் போகிறவர்கள் அந்த விரலைப் பழுதென்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம்.